சந்தனம் காய்ந்த துளை

அத்தியாயம் 9

"அஞ்சு மணிக்கு இன்ஸ்பெக்டர் கேஸை மாத்திப் போடறாராம், கண்ணு. கொலை முயற்சின்னு. அதுக்குள்ள நீ எனக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்துப்போடு. ஆல்வின்தான் பண்ணுனான்னு ஒரே ஒரு வரி போதும்."

பத்மாவதி அம்மாள் இதைச் சொன்னபோது மணி ஒன்றேகால். இடம், அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நான்காவது மாடி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஒரே மகன் யஷ்வந்த் அசையாமல் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். இருபத்தெட்டு வயது. முதுகுத்தண்டில் இரண்டு எலும்புகள் நொறுங்கியிருந்தன. இனி நடப்பானா என்று கேட்டால் டாக்டர்கள் நான்கு நாட்களாக ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். பார்க்கலாம் என்று.

ஹர்ஷிணி பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்தவள். உண்மையைக் கண்டுபிடித்தால் மேலதிகாரி கோபிக்கிறார், கண்டுபிடிக்காவிட்டால் மனசாட்சி கோபிக்கிறது என்று அலுத்துப்போய், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள். அவளுக்கு இந்த 'ஒரு வரி' சமாசாரம் எப்போதும் ஆகாது.

"முன்னாடியே எழுதிக் கொடுக்கற பழக்கம் எனக்கு இல்லீங்கம்மா. என்ன கண்டுபிடிக்கறனோ, அதை உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லுவேன்."

"அதுதான் எனக்கும் வேணும். ஆரா இருந்தாலும் எங்கிட்டத்தான் மொதல்ல சொல்லோணும். என்ற கண்ணைப் பார்த்துச் சொல்லோணும்." அம்மாள் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினார். "நான் என்ன குறை வெச்சேன், சொல்லு. ஆயுத பூசைக்கு அத்தனை மிசினுக்கும் என்ற கையாலதான் பொட்டு வெச்சேன். ஒரு ஸ்பேனரை உட்டிருப்பனா, ஒரு திருப்புளியை உட்டிருப்பனா? அழுக்கா ஒரு துண்டுத் துணி கண்ணுல படப்படாதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். விடிஞ்சதும் என்ற பையனை இப்படி முறிச்சுப் போட்டானே."

அவர் கையில் மருதமலைக் குங்குமப் பொட்டலம் ஒன்று கசங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்க்க மாலை ஐந்து மணிக்குத்தான் அனுமதி. மகன் நெற்றியில் வைப்பதற்காகக் காலையிலிருந்து அதைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஹர்ஷிணிக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கீழே காரில் ரசாக் காத்திருந்தான். அவளுடைய டிரைவர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன், எல்லாம் அவன்தான்.

"சரவணம்பட்டிக்குப் போ. மூணே முக்கால் மணி நேரம்தான் இருக்குது."

"போறனுங்கக்கா. எனக்கு மட்டும் மொதல்ல இருந்து ஒருக்கா சொல்லிப்போடுங்க. ஒரு நாற்காலி எதுக்குங்க மேல பறக்குது?"

"போர் விமானத்துல என்னமாச்சும் கோளாறுன்னா பைலட் எந்திரிச்சுக் குதிக்க முடியாது. அந்த வேகத்துல காத்து ஆளைத் தூக்கி வால்ல அடிச்சுப்போடும். அதனால சீட்டோட சேர்த்து வெளிய எறியோணும். தொடை ரெண்டுக்கும் நடுவுல மஞ்சளும் கறுப்புமா ஒரு வளையம் இருக்கும். அதை இழுத்தா மொதல்ல தலைக்கு மேல இருக்கற கண்ணாடி மூடி உடையும், இல்லாட்டிப் பறந்து போயிரும். அப்பறம் சீட்டுக்குப் பின்னால இருக்கற குழாய்ல மருந்து வெடிச்சு சீட்டைத் தண்டவாளத்துல மேல ஏத்தும். ஏறும்போதே கால் ரெண்டையும் பட்டை இழுத்து சீட்டோட ஒட்டிக்கும். இல்லாட்டிக் காலை மறந்துட வேண்டியதுதான். வெளிய வந்ததும் அடியில ராக்கெட் பத்தும். பொறவு சின்னப் பாராசூட், பெரிய பாராசூட். சீட்டு தனியாக் கழண்டு விழுந்துரும்."

"இதுக்கு எத்தனை நேரமுங்க?"

"தரைக்குப் பக்கத்துலன்னா ரெண்டு மூணு செகண்ட்."

"என்ற சம்சாரம் கோவத்துல சோத்துத் தட்டை வெக்கற நேரம்."

"முதுகுக்குத்தான் ஆபத்து. நம்ம எடை பத்துப் பதினஞ்சு மடங்கு ஆனாப்பல மேலிருந்து அழுத்தும். நிமிர்ந்து, தலையைப் பின்னால சாய்ச்சு, பட்டையெல்லாம் இறுக்கிக் கட்டியிருந்தாத் தப்பிச்சுக்கலாம். குனிஞ்சிருந்தா முதுகெலும்பு நொறுங்கிரும். அப்படி நிமிர்ந்து உக்காரப் பழக்கறதுக்குத்தான் இந்தம்மா பட்டறையில பயிற்சிக் கோபுரம் செய்யறாங்க. அதுல மருந்தும் இல்ல, ராக்கெட்டும் இல்ல. கம்ப்ரஸர் காத்துதான். சீட்டு இருபது அடி மேல போய் நின்னுரும்."

சிக்னலில் கார் நின்றது. ரசாக் முன்னால் நின்ற இருநூறு வண்டிகளை எண்ணிப் பார்த்தான்.

"நம்ம கார்லயும் ஒண்ணு மாட்டிரலாங்க. இங்க ஒரு இழு இழுத்தா..."

"மேல பாலம் இருக்குது, ரசாக்."

"அதானே. கோயமுத்தூர்ல தப்பிக்கறதுக்குக்கூட மேல எடமில்ல."

ஹர்ஷிணி சிரிக்கவில்லை. நடந்ததை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அம்மாளின் கணவர் லட்சுமணசாமி பம்ப்செட் செய்துகொண்டிருந்த பட்டறை அது. மகன் படித்து முடித்து வந்தபின் பயிற்சிக் கோபுரம் செய்ய ஆரம்பித்தார்கள். ஆயுத பூஜை சாயங்காலம் எல்லா இயந்திரத்துக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் எல்லா இயந்திரத்தையும் ஒரு நிமிடமாவது ஓட்டியாக வேண்டும். காலை ஏழு மணிக்கு, சீட்டுகளைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளும் ஆல்வின் பட்டறையைத் திறந்தார், கோபுரத்துக்குக் காற்று ஏற்றினார். யஷ்வந்த் வந்து சீட்டில் உட்கார்ந்து, தோளில் பட்டையைக்கூடக் கட்டாமல், ஒரு கையில் செல்போனும் ஒரு கையில் வளையமுமாகக் குனிந்து வீடியோ எடுத்திருக்கிறான். வளையத்தின் குறுக்கே சிவப்புத் துணிக்கொடி கட்டிய பாதுகாப்பு பின் செருகியிருக்கும், இழுத்தாலும் அசையாது என்ற நம்பிக்கைதான். பின் இல்லை. சீட் மேலே பாய்ந்துவிட்டது.

முதல் நாள்தான் ஆல்வினுக்கும் அவனுக்கும் எல்லோர் முன்னிலையிலும் வாக்குவாதம் நடந்திருக்கிறது. பட்டை கட்டாதவன் என் சீட்டில் உட்காரக்கூடாது என்று ஆல்வின் சத்தம் போட்டாராம். போலீஸுக்கு அது போதும். காலையில் பின்னை உருவி, அதன் சிவப்புக் கொடி மட்டும் கண்ணில் படும்படி ஏமாற்றுவதற்காகத் தொங்கவிட்டார் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. ஒரு சாவி அவரிடம்தானே இருந்தது.

சரவணம்பட்டியில் அவர்களுக்குப் பட்டறையைத் திறந்துவிட்டவள் மாரியாத்தாள். கூட்டிப் பெருக்குகிறவள், ஐம்பது வயதிருக்கும். உள்ளே லேத்து, மில்லிங், டிரில்லிங் மிஷின் எல்லாவற்றின் மேலும் ஐந்து நாள் மாலைகள் வாடிக் கருகிக் கிடந்தன.

"பூவை எடுக்கலீங்களா?"

"மொதலாளியம்மாதானுங்க எடுக்கோணும், அம்மணி. வேற ஆரும் தொடப்படாது. அவுங்க ஆசுபத்திரியில இருக்கறாங்களே."

"சந்தனம்?"

"அரைச்சது நானு. வெக்கறது அவுங்க."

"சீட்டை ஆர் தொடைச்சாங்க?"

மாரியாத்தாள் விளக்குமாற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "ஆல்வின் சாரு அதைத் தொடவே உடமாட்டாருங்க. பூசையன்னிக்கு அவுரு மத்தியானமே ஊட்டுக்குப் போயிட்டாரு. எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க, அம்மணி. என்ற பேத்தி பெருந்துறையில காலேஜ் சேர்ந்திருக்குது. எனக்கு இந்த வேலை வேணும்."

சொல்லிவிட்டு வெளியே போய் வாசலைப் பெருக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே பெருக்கிய வாசல்.

கோபுரத்தின் இரும்புத் தூணில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. நல்ல உருண்டைக் கையெழுத்து. ரசாக் உரக்கப் படித்தான். "பின்னை விரலால் தொட்டுப் பார். கொடியைப் பார்த்து நம்பாதே. இப்படிக்கு ஆல்வின்." அவன் தலையைச் சொறிந்தான். "கொலைகாரன் இப்படி எழுதி ஒட்டுவானுங்களா? நானா இருந்தா 'வருக வருக'ன்னு எழுதியிருப்பேன்."

சீட் கீழே இறக்கிவைக்கப்பட்டிருந்தது. ஹர்ஷிணி மண்டி போட்டு டார்ச் அடித்தாள். வளையம் பொருந்தும் இடத்தில் இரண்டு பக்கமும் காதுபோல் நீண்ட இரும்புத் துண்டு. காதில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்கு ஒரு துளை. பின் அதன் வழியாகத்தான் குறுக்கே போகும். இடது காதின் மேல் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். இன்ஸ்பெக்டரும் இதைப் பார்த்திருப்பார். எல்லா இயந்திரத்திலும் பொட்டு இருக்கிறது, இதிலும் இருக்கிறது என்று நகர்ந்திருப்பார்.

அவள் நகரவில்லை. டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"ரசாக், துளை எங்க?"

"பொட்டுக்கு அடியிலீங்க."

"அடியில இல்ல. துளைக்குள்ளயே சந்தனம் போயிருக்குது. முழுசா அடைச்சு, உள்ளயே காய்ஞ்சு கல்லாட்ட நிக்குது. வளையம் பிச்சுட்டுப் போன பக்கம் மட்டும் கத்தியில சீவுனாப்பல அறுந்திருக்குது."

ரசாக் குனிந்து பார்த்தான். வாயில் இருந்த ஜோக்கை விழுங்கிவிட்டான்.

"பின் செருகியிருந்தா சந்தனம் பின்னு தலை மேலதானுங்க ஒட்டியிருக்கும்."

"ஆமா. பொட்டு வெக்கும்போதே அங்க பின் இல்ல. பின் போனது விஜயதசமி காத்தால இல்ல, ரசாக். ஆயுத பூசை சாயங்காலம். ஆல்வின் ஊட்டுல இருந்தப்ப."

மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. பொட்டு வைத்தது யார் என்பதை இன்றைக்கே இரண்டு பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"அவசரப்பட வேண்டாம்" என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். "பொட்டு வெச்சவங்கதான் பின்னை எடுத்தாங்கன்னு எங்க இருக்குது? ஸ்டேஷனுக்குப் போ, ரசாக். நான் அந்தப் பின்னைப் பார்க்கோணும்."

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இல்லை. ஹர்ஷிணியை ஏற்கெனவே தெரிந்த ஒரு ஏட்டு, பிளாஸ்டிக் கவரில் போட்ட பொருளை மேஜைமேல் வைத்துவிட்டு டீக்குடிக்கப் போனார். விரல் நீளத்துக்கு ஒரு எஃகுப் பின், ஒரு முனையில் வளையம், வளையத்தில் ஒரு சாண் சிவப்புக் கொடி. கொடி பளிச்சென்று சோப்புப் போட்டுத் துவைத்த துணியாக இருந்தது. கிரீஸ் புழங்கும் பட்டறையில் அப்படி ஒரு துணி இருக்க வழியே இல்லை. கொடியின் ஒரு ஓரத்தில் மல்லிகைச் சரத்தின் நார் இன்னும் முடிச்சாகத் தொங்கியது.

அவள் கவரைத் திருப்பினாள். பின்னின் நடுத்தண்டில், அதாவது துளைக்குள் மறைந்திருக்க வேண்டிய இடத்தில், சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு. அதன்மேல் குங்குமம்.

ஹர்ஷிணி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். 'ஒரு ஸ்பேனரை உட்டிருப்பனா, ஒரு திருப்புளியை உட்டிருப்பனா' என்று அம்மாள் கேட்டது காதில் ஒலித்தது.

"அக்கா?"

"ஒரு போட்டோ எடுத்துக்க" என்றாள். "அப்பறம் ஆல்வினைப் பார்க்கலாம்."

ஆல்வின் பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தார். இருபது வருடம் விமானப்படையில் போர் விமானங்களுக்கு சீட் மாட்டிய மனிதர். தாத்தா காலம்வரை பிறர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலாக யூனிஃபார்ம் போட்டவர். விசாரணை என்று நான்கு நாளாக இங்கே உட்காரவைத்தும் முதுகு வளையவில்லை.

"நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டனுங்க, மேடம். தப்பு என்னுதுதான்."

"பின்னை உருவுனது நீங்களா?"

"தப்பு என்னுதுதானுங்க."

"அதை நான் கேக்கல. பின்னு நடுவுல பொட்டு இருக்குது. செருகியிருக்கற பின்னுக்கு நடுவுல ஆரும் பொட்டு வெக்க முடியாது. தனியாக் கழட்டி, கொடியைத் துவைச்சு, தட்டுல ஸ்பேனரோட வெச்சுப் பொட்டு வெச்சிருக்காங்க. அப்பறம் அழகுக்கு வளையத்துல பூவோட சேர்த்துக் கட்டி உட்டிருக்காங்க. உங்களுக்கு இது தெரியும். இல்லீங்களா?"

ஆல்வின் குரலைத் தாழ்த்தினார்.

"சீட்டு போன சத்தம் கேட்டு ஓடுனப்பவே பார்த்துட்டனுங்க. கீழ கிடந்தது. பொட்டோட."

"ஏன் சொல்லல?"

"எப்படீங்க சொல்றது? அந்தம்மா பையன் காலைக் கட்டிட்டு அழுதுட்டிருக்கறாங்க. நான் போய், உன்ற கையிலதான் இது ஆச்சுன்னு சொல்றதுங்களா?"

"உங்களை ஜெயில்ல போடப் போறாங்க, ஆல்வின்."

"நான் பார்த்திருக்கோணுமில்லீங்க? இருபது வருசத்துல ஒரு நாள்கூட விரல் வெச்சுப் பார்க்காம நான் நகர்ந்ததில்ல. அன்னிக்குக் கொடி தொங்கறதைப் பார்த்தேன், காத்தை ஏத்திப்போட்டேன்." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "வளையத்துமேல அத்தனை பூ கிடந்துச்சுங்க. கையை உட்டுப் பார்த்தாப் பூவைக் கலைக்கோணும். போன வருசம் ஒருக்கா நான் மாலையை நகர்த்தப் போனேன். 'ஆல்வின், நீ இரு, நானே எடுத்துக்கறேன்'னு அந்தம்மா சொன்னாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அது மனசுல நின்னுபோச்சு. அவுங்க சாமிப் பூவை நான் எதுக்குத் தொடறதுன்னு உட்டுட்டனுங்க."

ரசாக் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் மாட்டுன சீட்டுல ஒருத்தர் உயிர் பொழைச்சாருங்க" என்றார் ஆல்வின். "வருசா வருசம் கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவாரு. இந்த வருசம் எடுக்க மாட்டனுங்க. என்னமோ பண்ணிக்குங்க, மேடம். அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. பையன் எந்திரிச்சு நடக்கட்டும், அப்பறம் பார்த்துக்கலாம்."

வெளியே வந்தபோது மணி நாலேகால்.

கார் கணபதியைத் தாண்டியது.

"அந்தம்மாதான் நம்மளுக்குக் கட்சிக்காரங்க" என்றான் ரசாக். "அவுங்களே கேட்டாங்க, அவுங்ககிட்டயே சொல்லோணும். நேரா இன்ஸ்பெக்டர்கிட்டச் சொல்லிப்போட்டா?"

"அவர் போன் பண்ணி அந்தம்மாகிட்டக் கேப்பார். ஆஸ்பத்திரி வராந்தாவுல, போன்ல, போலீஸ் வாயில இருந்து அவங்க இதைக் கேக்கோணுமா?"

"சொல்லாம உட்டா?"

ஹர்ஷிணி செல்போனில் அந்தப் பின்னின் படத்தைத் திறந்தாள். சொல்லாமல் விட்டால் ஒரு நல்ல மனிதர் உள்ளே போவார், ஒரு தாய் தூங்குவாள். இன்சூரன்ஸ் காலத்தில் இப்படி எத்தனையோ ரிப்போர்ட் எழுதியிருக்கிறாள். எதுவும் இவ்வளவு கனமாக இருந்ததில்லை. தனக்குப் பயமாக இருக்கிறது என்பதை அவள் தெளிவாகவே உணர்ந்தாள்.

நான்காவது மாடியில் பத்மாவதி அம்மாள் அதே நாற்காலியில், அதே பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு ஐம்பது.

"கொண்டாந்தயா, கண்ணு?"

ஹர்ஷிணி பக்கத்தில் உட்காரவில்லை. அவருக்கு எதிரில் தரையில் குந்தி, கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டாள். கேட்டுக்கொண்டபடி.

"ஆல்வின் பண்ணலீங்கம்மா."

"அப்பறம் ஆரு?"

செல்போனில் அந்தப் படத்தைத் திறந்து கொடுத்தாள். அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை.

"இது அந்தச் செவப்புத் துணி கட்டுன கம்பி. சீட்டுல சொருகியிருந்துச்சு. ஒரே கிரீஸு. நான்தான் எடுத்து மாரியாத்தாகிட்டத் தொவைக்கக் கொடுத்து..."

அங்கே நின்றுவிட்டார்.

ஹர்ஷிணி காத்திருந்தாள். ஒவ்வொரு படியாக அந்த முகத்தில் அது இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அவளால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

"அதை எடுத்தா... அதை எடுத்தாத்தான் அது போகுமா?"

"அதை எடுத்து, காத்தையும் ஏத்துனா, இழுத்ததும் போகுமுங்கம்மா. உங்களுக்குத் தெரியாது. உங்களுக்கு ஆரும் சொல்லலை. யஷ்வந்தும் பட்டை கட்டலை, நிமிர்ந்து உக்காரலை. ஆல்வினும் தொட்டுப் பார்க்கலை. எல்லாம் சேர்ந்துதான்."

"ஆல்வினுக்கு இது தெரியுமா?"

"அன்னிக்கே தெரியுமுங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் பேசாம இருந்திருக்காரு."

அம்மாள் அழவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தன் போனை எடுத்தார். கூட வந்திருந்த ரசாக் இன்ஸ்பெக்டர் நம்பரைப் போட்டுக் கொடுத்தான்.

"ஏனுங்க, நான் பத்மாவதி பேசறனுங்க. லட்சுமணசாமி ஊட்டுல... ஆல்வினை ஊட்டுக்கு அனுப்பிச்சுருங்க. அந்தப் பின்னை எடுத்தது நானுங்க. ஆமாங்க, நான்தான். என்ற கையாலதான் எடுத்தேன். எழுதிக்குங்க. எங்க வந்து கையெழுத்துப் போடோணுமோ, வாரேன்."

போனை மடியில் வைத்தபோது கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"யஷ்வந்த் அம்மாங்களா? உள்ள வரலாமுங்க. அஞ்சே நிமிசம்."

பத்மாவதி அம்மாள் எழுந்தார். கதவுவரை போனவர் நின்றார். கையிலிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பார்த்தார். பொட்டு வைக்கும் மோதிர விரலை ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்து பொட்டலத்தை ஹர்ஷிணியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டார்.

"நீ வந்து அவனுக்கு வெச்சு உடு, கண்ணு" என்றார். "நான் வெக்க வேண்டாம்."